வரிசையில் முதல் பெயர் உன்னுடையது

சான் லாசரோ தெரு, ஹவானா
ஞாயிறு காலை, கரண்ட் இருக்கும்போதே

என் மனைவி நெரெய்தாவுக்கு எவேலியோ எழுதிக்கொள்வது. நான் நலம். பூனை நலம். குழாய்த் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் நலம். அங்கே சரகோசாவில் நீயும், மகள் மைலேனும், மாப்பிள்ளையும், பேரன் இக்கேரும் இதேபோல, தண்ணீர் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் மேலாக, இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பக்கத்து வீட்டு ஓர்த்தென்சியாவின் அக்கா மகன் வியாழக்கிழமை விமானம் ஏறுகிறான். இந்தக் கடிதமும் ஒரு கட்டி கொய்யா அல்வாவும் அவன் பையில் வருகின்றன. அல்வா வந்து சேராவிட்டால் அவன் முகத்தை நன்றாகப் பார்.

போன வாரம் போனில் நீ கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லத்தான் உட்கார்ந்தேன். இந்த மாதம் இருபத்தெட்டாம் தேதிக்கு உன் திரும்பும் டிக்கெட் இருக்கிறது. பையன் பள்ளிக்கூடம் போகும்வரை இன்னும் ஒரு வருஷம் அம்மா இருந்தால் நல்லது, தேதியை மாற்றிவிடலாம் என்கிறாள் மைலேன். "நீ என்ன சொல்றே, எவேலியோ?" என்று கேட்டாய். திரையில் உன் முகம் பாதிதான் தெரிந்தது. மீதியை மைலேனின் முகமும் பேரனின் காலும் அடைத்துக்கொண்டிருந்தன. மூன்று பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒரு மனுஷன் என்ன சொல்வான்? "உன் இஷ்டம்" என்றேன். உடனே கரண்ட் போய்விட்டது. மின்சாரக்காரர்களை நான் மனதார வாழ்த்தியது அன்றைக்குத்தான்.

இப்போது நிதானமாகச் சொல்கிறேன். தாராளமாக இரு. எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. அரிசி வேகிறது, சில நாள் கருகுகிறது, இரண்டும் வயிற்றுக்குள் போனால் ஒன்றுதான். நான் சோகத்தில் மூலையில் முடங்கிக் கிடக்கிறேன் என்று ஓர்த்தென்சியா உனக்கு எழுதியிருந்தால் அதை நம்பாதே. நேற்று நான் ஊர் சுற்றிப் பார்க்கப் போனேன். ஆமாம், நான்தான். சொன்னால் சிரிப்பாய், நம் மலெக்கோன் கடற்கரைச் சாலையைச் சுற்றிப் பார்க்கப் போனேன்.

ஒரு தெரு தாண்டினால் கடல். அலை அடிப்பது அடுப்படியில் கேட்கிறது. ஆனால் நீ போன இந்தப் பதினாலு மாதத்தில் அந்தப் பக்கம் நான் தலைவைத்துப் படுக்கவில்லை, வேலை அப்படி. (லிஃப்ட் ரிப்பேர் செய்வதிலிருந்து ஓய்வு பெற்று ஆறு வருஷம் ஆகிறதே, என்ன வேலை என்று கேட்காதே.) நேற்று மதியம் நீ அனுப்பிய பூப்போட்ட சட்டையையும் மாப்பிள்ளையின் வைக்கோல் தொப்பியையும் போட்டுக்கொண்டு, வெளிநாட்டுக்காரன் பார்ப்பதுபோல ஒருதரம் எல்லாவற்றையும் பார்த்துவிடுவது என்று லா புந்தா கோட்டையிலிருந்து ஆரம்பித்தேன். அங்கேயே வம்பு. ரோஜா நிறப் பழைய திறந்த காரை நிறுத்திக்கொண்டு ஒருத்தன், முதலில் ஆங்கிலத்தில் கூப்பிட்டான், பிறகு பிரெஞ்சில், பிறகு என்னவென்றே தெரியாத ஒன்றில். கதவைத் திறந்து, கையைப் பிடித்து உட்காரவே வைத்துவிட்டான். சீட் மெத்தென்று இருந்ததால் நானும் கொஞ்ச நேரம் வாயைத் திறக்கவில்லை. அப்புறம் காலில் ஏதோ குத்துகிறது என்று நம் பாஷையில் சொல்லிவிட்டேன். அவன் முகம் தொங்கிப்போனதை நீ பார்த்திருக்க வேண்டும். "சான் லாசரோவா?" என்றான். தலையாட்டினேன். இறக்கிவிட்டான். நூறு அடி நடந்தால் கித்தாரோடு மூன்று பேர் என்னைச் சூழ்ந்துகொண்டு காதல் பாட்டு ஆரம்பித்தார்கள். அவர்களில் ஒருத்தன் நான் பதினைந்து வருஷம் லிஃப்ட் பார்த்த கட்டடத்தின் காவல்காரன், என்னை அடையாளம் கண்டதும் பாட்டை நடு வரியில் நிறுத்திவிட்டு, எட்டாவது மாடியில் லிஃப்ட் இன்னும் குலுங்குகிறது என்று சண்டைக்கு வந்தான். அவனிடமிருந்து தப்பிச் சுவரோரம் ஒதுங்கினேன். வாடைக்காற்று நாள், தெரியும்தானே. அலை ஒன்று சுவரைத் தாண்டி வந்து மொத்தமாக என்மேல் இறங்கியது. பூப்போட்ட சட்டையின் சாயம் நல்ல சாயமில்லை, மைலேனிடம் சொல்.

ஒரு வழியாக மசேயோ பூங்காவுக்கு எதிரே வந்தேன். நாம் உட்காருவோமே, சுவரில் ஓரம் உடைந்த இடம், அங்கே. வேணுமென்று போகவில்லை, ஷூவில் தண்ணீர், கால் அங்கே நின்றுவிட்டது. உட்கார்ந்தேன். உனக்கு இடது பக்கம்தானே பிடிக்கும், காற்று முடியைக் கலைக்காது என்று. அதனால் இடது பக்கம் கொஞ்சம் இடம் விட்டு, யாரும் உட்கார்ந்துவிடக் கூடாதென்று தொப்பியை வைத்தேன். ஈரத் தொப்பியைக் காயவைக்கத்தான், வேறு எதுவும் இல்லை.

அப்போது இரண்டு காலி பாட்டிலோடு ஒரு பெண் விறுவிறுவென்று வந்தாள். ஐம்பது வயது இருக்கும், பெயர் சொராய்தா என்று பிற்பாடு தெரிந்தது. என்னைப் பார்த்தாள், தொப்பியைப் பார்த்தாள், "கடைசி யாரு?" என்றாள்.

நெரெய்தா, ஐம்பது வருஷமாகக் கேட்கிற கேள்வி அது. ரொட்டிக்கும் மருந்துக்கும் பஸ்ஸுக்கும் வரிசையில் நின்று அந்தக் கேள்விக்குக் கை தூக்கியே பழகின உடம்பு. நான் கையைத் தூக்கிவிட்டேன். அவளும் முறைப்படி, "நீங்க யாருக்குப் பின்னால?" என்று கேட்டாள். முன்னால் இருப்பவரையும் தெரிந்து வைத்துக்கொண்டால்தானே, காபி குடிக்க வீட்டுக்குப் போய்விட்டு வந்தாலும் இடம் போகாது. நான் தொப்பியைக் காட்டி, "என் பொண்டாட்டிக்குப் பின்னால. சித்த வெளியே போயிருக்கா" என்றேன். எதற்குச் சொன்னேன் என்று இப்போதும் தெரியவில்லை, வாயில் வந்தது. அவள் சரி என்று தலையாட்டிவிட்டு எனக்கு அந்தப்பக்கம் உட்கார்ந்துகொண்டாள்.

அரை மணி நேரத்தில் நாற்பது பேர். முதலில் கோழி என்றார்கள். பிறகு எண்ணெய் என்றார்கள், சொராய்தாவின் பாட்டிலைப் பார்த்து. செர்ரோ பக்கத்திலிருந்து வந்த ஒருவர், சுவருக்கு அடிக்கிற பெயிண்ட் என்று சத்தியம் செய்தார், தன் கண்ணால் லாரியைப் பார்த்தாராம். வேர்க்கடலைப் பொட்டலம் விற்கிறவன் நாலு பேருக்கு விற்றுவிட்டுத் தானும் வரிசையில் நின்றுகொண்டான். கூட்டம் என்ன என்று கேட்க ஒரு போலீஸ்காரப் பெண் வந்தாள். ஒழுங்கான வரிசை என்று எல்லோரும் சொன்னதும், கடைசி யார் என்று கேட்டு அவள் அம்மா பேருக்கு ஓர் இடம் போட்டுவிட்டுப் போனாள். ஒவ்வொரு தரமும் உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். நாற்பது பேர் நம்பிக்கையோடு பார்க்கும்போது எப்படிச் சொல்வது? முன்னால் நிற்கிற என்னைப் பார்த்துத்தான் எல்லோருக்கும் தைரியம். நானோ தொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வரிசை நீண்டால் பட்டியல் போட ஒரு திமோதேயோ எங்கிருந்தாவது முளைப்பான். இந்தத் திமோதேயோ ஒல்லியாக, காதில் பென்சிலோடு, செருப்புப் பெட்டி அட்டையைக் கிழித்துப் பெயர் எழுத ஆரம்பித்தான். முதல் பெயர் உன்னுடையது, இரண்டாவது நான். அரை மணிக்கு ஒருதரம் கூப்பிடுவேன், இரண்டு தரம் கூப்பிட்டும் ஆள் இல்லையென்றால் பெயரை அடித்துவிடுவேன் என்று சட்டம் போட்டான். எல்லோரும் அதுதான் நியாயம் என்றார்கள். நானும் அதையே சொன்னேன், பழக்கதோஷம்.

முதல் தரம் "நெரெய்தா வால்தேஸ்" என்று கூப்பிட்டான். உன் முழுப்பெயரை யாராவது உரக்கச் சொல்லி எத்தனை நாளாயிற்று. வீட்டில் நான் சொல்வதில்லை, பூனை திரும்பிப் பார்க்கும். நாற்பது பேரும் சாலையின் இரண்டு பக்கமும் பார்த்தார்கள். பாவிப்பயல் நானும் பார்த்தேன்.

நாசியோனால் ஹோட்டல் பக்கம் சூரியன் இறங்கும் நேரத்தில் இரண்டாம் தரம் கூப்பிட்டான். யாரும் வரவில்லை. காதிலிருந்து பென்சிலை எடுத்தான்.

"அடிக்காதே" என்றேன்.

"பெரியவரே, எல்லாருக்கும் ஒரே சட்டம். உங்க சம்சாரம் எங்கதான் போயிருக்காங்க?"

"சரகோசா."

"அது எங்கே? மரியனாவ் தாண்டியா?"

நான் கடலைக் காட்டினேன். "போய் எவ்வளவு நேரமாச்சு?" என்று கேட்டது சொராய்தா.

"பதினாலு மாசம்" என்றேன். அதற்குமேல் மறைக்க முடியவில்லை. இங்கே கோழியும் இல்லை, எண்ணெயும் இல்லை, நான் சும்மா உட்கார்ந்திருந்தேன், யாரோ கடைசி யாரென்று கேட்டதும் கை தானாக உயர்ந்துவிட்டது, மன்னித்துவிடுங்கள் என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டேன், ஈரச் சட்டை.

பாதிப் பேர் என்னைப் பெற்றவளைத் திட்டிக்கொண்டு போனார்கள், அது நியாயம்தான். பெயிண்ட்காரர் மட்டும், தான் லாரியைப் பார்த்தது பார்த்ததுதான் என்று சொல்லிக்கொண்டு போனார். மற்றவர்கள் போகவில்லை. சொராய்தா பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு, "எம் பொண்ணு ஹூஸ்டன்ல. நாலு வருஷம். போன்ல எப்பவும் நல்லா இருக்கேன்னுதான் சொல்றா, நானும் அதையேதான் சொல்றேன். ரெண்டு பேரும் பொய் சொல்லிக்கிறதுக்கு ஒரு போன்" என்றாள். கடலைக்காரனுக்கு இரண்டு அண்ணன்கள் சிலியில். திமோதேயோ யாரையும் சொல்லவில்லை. "கடல் தாண்டிப் போனவங்களுக்கு அந்த ரெண்டு தடவை சட்டம் கிடையாது" என்று சொல்லிப் பென்சிலைக் காதில் திரும்பச் செருகிக்கொண்டான். அப்புறம் நாங்கள் இருபது பேர் கப்பல் ஒன்று வெளியே போவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். இருட்டுவதற்குள் வீடு வந்துவிட்டேன்.

ஆக, பார்த்தாயா, எனக்கு இங்கே பொழுது எப்படிக் கலகலப்பாகப் போகிறது என்று. ஒரே சாயங்காலத்தில் இருபது பேர் பழக்கம். என்னைப் பற்றிக் கவலையை விடு. தேதியை மாற்றிக்கொள். அங்கே ஆறு இருக்கிறது என்று எழுதியிருந்தாய், ஆற்றங்கரையில் நட, உடம்புக்கு நல்லது. ஒரு வருஷம் என்பது என்ன, நாம் பார்க்காத வருஷமா.

மைலேனுக்கு என் ஆசி, அவள் எடுத்த காரியமெல்லாம் கைகூடட்டும். மாப்பிள்ளைக்கு என் மரியாதை, தொப்பிக்காக நன்றி. இக்கேருக்கு இரண்டு கன்னத்திலும் முத்தம், கால் திரையை விட்டு நகரட்டும். உனக்கு, வழக்கம்போல எல்லாமும்.

உன்
எவேலியோ

பி.கு.: உறையை ஒட்டுமுன் ஒருதரம் படித்துப் பார்த்தேன். எழுதினதில் அல்வாவும் அந்த வரிசையும்தான் உண்மை. டிக்கெட்டை மாற்றாதே, இருபத்தெட்டாம் தேதி கிளம்பிவிடு. மைலேனிடம் என்ன காரணம் சொல்வது என்று தவிக்காதே, அப்பா கூப்பிட்டார் என்று சொல். அவள் நம்பமாட்டாள். நாற்பத்தொரு வருஷத்தில் நான் யாரையும், உன்னையும்கூட, வா என்று வாய்விட்டுக் கேட்டு அவள் பார்த்ததில்லை. இந்தக் காகிதத்தைக் காட்டு, என் கையெழுத்து அவளுக்குத் தெரியும். கூப்பிடுகிறேன் நெரெய்தா. வந்துவிடு.