மேலாளர் போட்ட டீ

மேலாளர் தம் மனைவிக்கு டீ போட முன்வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை, மனித குலம் ஒரு படி மேலே ஏறியது. மனைவி அதற்கு முன்தினமே படியில் வழுக்கி விழுந்து வலது கையை உடைத்துக்கொண்டிருந்தாள்.

மேலாளர் சாதாரண ஆள் இல்லை. அலுவலகத்தில் திட்டம் போடுவார், கூட்டம் போடுவார், கையெழுத்துப் போடுவார், தேவைப்பட்டால் சத்தமும் போடுவார். போடாமல் விட்டது டீ ஒன்றைத்தான்.

மாவுக்கட்டுக் கையைத் தலையணைமேல் வைத்தபடி மனைவி கேட்டது ஒன்றே ஒன்று.

"இஞ்சி, ஏலக்காய் எல்லாம் போட்டு ஒரு டீ. கல்யாணமானதிலேருந்து இந்த வீட்டுல அடுத்தவங்க கையால குடிச்சதில்லை. இன்னிக்காவது குடிச்சுப் பார்க்கறேன்."

கோரிக்கை 'கொள்கை அளவில்' ஏற்கப்பட்டது.

மேலாளர் சமையலறைக்குள் நுழைந்தார். வழி தெரிந்திருந்தது. மனைவியின் தம்பி ஆலோசகராக உடன் வந்தான். இன்ஷூரன்ஸ் ஏஜென்ட், அவள் விழுவதற்கு முன்பே வந்திருக்க வேண்டியவன்.

"பால் எங்க இருக்கு?" என்று மேலாளர் படுக்கையறைப் பக்கம் குரல் கொடுத்தார்.

"ஃப்ரிட்ஜ்ல."

"ஃப்ரிட்ஜ்ல எங்க?"

"கதவைத் திறந்தா வெள்ளையா இருக்கும்."

அடுத்து, முதலில் ஊற்ற வேண்டியது தண்ணீரா பாலா என்ற கேள்வி எழுந்தது. இருதரப்பு நியாயங்களும் நின்றபடியே விவாதிக்கப்பட்டன. ரெண்டையும் ஒரே நேரத்துல ஊத்திட்டா யாருக்கும் மனத்தாங்கல் வராது மாமா என்று மைத்துனன் தீர்த்துவைத்தான்.

இஞ்சியைத் தட்டும் பொறுப்பும் அவனிடமே போயிற்று. மேலாளர் தட்டிக்கழிப்பதில் மட்டுமே பயிற்சி பெற்றவர். பட்டையும் கிராம்பும் கைக்கு அகப்பட்ட அளவு விழுந்தன. பால் பொங்கியது. யாரைக் கேட்டுப் பொங்கியது என்று மேலாளரும் பொங்கினார். அடுப்பில் வழிந்தது போக ஒரு கோப்பை மிஞ்சியது.

நல்ல டீ. அதில் ஐயம் வேண்டாம். சிக்கலே அதுதான்.

முதலில் மேலாளர் கோப்பையோடு நிற்பதை மைத்துனன் போனில் படம் எடுத்தான். ஆவி தெரியவில்லை என்று சூடாக்கி மறுபடி எடுத்தான். பிறகு 'தரக்கட்டுப்பாடு'. மேலாளர் ஒரு வாய் குடித்தார். சர்க்கரை குறைவு. போட்டார்கள். மைத்துனன் ஒரு வாய் குடித்து, இப்போது அதிகம் என்றான். அந்தக் கருத்து சரியா என்று பார்க்க மேலாளர் இன்னொரு வாய் குடிக்க வேண்டியதாயிற்று. மேல்முறையீடுகளும் இருந்தன.

"டீ முடிஞ்சுதாங்க?" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

மேலாளர் கோப்பைக்குள் பார்த்தார்.

"முடிஞ்சுது" என்றார். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர்.

அதற்குள் படம் உறவினர், அலுவலகம், தெரு என்று எல்லாரிடமும் போய்ச் சேர்ந்திருந்தது. போன் ஓயவில்லை. மாலையில் துணை மேலாளர் பூங்கொத்தோடு வந்தார். எதிர்வீட்டுத் தையல்கார அம்மா, சாரைப் பாத்துக் கத்துக்குங்க என்று தன் கணவரையும் இழுத்துக்கொண்டு வந்தாள். இன்னும் சிலர் வந்தார்கள். பாராட்டு விழா தானாகவே தொடங்கிவிட்டது.

விழா என்றால் வந்தவர்களுக்கு டீ கொடுக்க வேண்டும். மேலாளர் உரையாற்றிக்கொண்டிருந்ததால் மனைவி எழுந்து போனாள். இடது கையால் இஞ்சியைத் தட்டினாள். கரண்டியின் அடியால் ஏலக்காயை நசுக்கினாள். வடிகட்டும்போது பாத்திரம் சாயாமல் இருக்க மாவுக்கட்டை முட்டுக் கொடுத்தாள்.

துணை மேலாளர் ஒரு வாய் குடித்துக் கண்ணை மூடினார்.

"சார் கைப்பக்குவமே தனி."

மேலாளர் மறுக்கவில்லை. வீடு தேடி வந்தவரை மறுத்துப் பேசுவது மரியாதை இல்லை.

தையல்கார அம்மா மனைவியைப் பிடித்து நடுவில் உட்கார வைத்தாள். "கொடுத்து வச்சவங்கம்மா நீங்க. சொல்லுங்க, காலைல சார் போட்ட டீ எப்படி இருந்துது?"

எல்லோரும் காத்திருந்தார்கள்.

"எனக்கு இன்னும் வரலைங்களே" என்றாள் மனைவி.

மைத்துனன் சுவரைப் பார்த்தான். ஆனால் மேலாளர் நெருக்கடிகளில் ஊறியவர்.

"அதுக்கென்ன, அந்தத் தட்டுலேருந்து ஒண்ணு எடுத்துக்கோயேன். நான் எதுவும் நினைச்சுக்க மாட்டேன்."

இந்த மனசு யாருக்கு வரும் என்று துணை மேலாளர் கைதட்டத் தொடங்கினார். அறையே தட்டியது. தட்டில் இருந்தவை காலிக் கோப்பைகள்.

மேலாளர் கும்பிட்டபடி ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு வந்தார். மனைவி மட்டும் தட்டவில்லை. அவருக்கு மனசு விட்டுப்போயிற்று. இவ்வளவு செய்தும் வீட்டில் ஒத்துழைப்பு இல்லை.

கைதட்ட இரண்டு கை வேண்டும். அந்த வீட்டில் வேலை செய்கிற கை ஒன்றே ஒன்றுதான் இருந்தது.