சுகிர்தா கை தப்பாது

"மேடம், ஃபர்னஸ் மறுபடியும் படுத்துக்கிச்சு!"

கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உலை ஆபரேட்டர் லோகு வந்து நின்றபோது, இன்ஸ்ட்ருமென்ட் இன்ஜினியர் சுகிர்தா காகிதத்தில் இன்னொரு பெட்டியை அடித்துக்கொண்டிருந்தாள்.

கும்மிடிப்பூண்டியில் கம்பி உருட்டும் ஆலை அது. இரும்பைப் பழுக்கக் காய்ச்சும் உலைக்கு ஒரு வாரமாகப் பேய் பிடித்திருந்தது. தானே ஓடட்டும் என்று ஆட்டோவில் போட்டால் சூடு எகிறும், அலாரம் அலறும், தானே அணைந்துவிடும். நாளைக்குள் காரணம் தெரியாவிட்டால் சென்னையிலிருந்து வேறு ஆள் வருவார். சுகிர்தா ஸ்டோர்ஸில் உட்கார்ந்து நட்டு போல்ட்டுக்குக் காவல் இருக்க வேண்டியதுதான். மேனேஜர் பாக்கியராஜ் சொல்லியே விட்டார்.

"இன்னா மேடம், அது அங்க உசுர உட்டுக்கினு கீது, நீங்க பொட்டி வரைஞ்சிக்கினு கீறீங்க?"

"வரையல லோகு, குறைச்சுக்கினு இருக்கேன். கேஸ் வால்வு ஒரு பொட்டி, ஃபர்னஸ் ஒரு பொட்டி, சென்சார் ஒரு பொட்டி. எல்லாத்தையும் சுருக்கினா கடைசியில ஒரே பொட்டி. இன்னா நோவுன்னு அதுவே சொல்லிடும்."

எதிரே வெள்ளைப் பலகையில் முந்தின சாயங்காலம் அவள் வரைந்த முழுப்படம் இருந்தது: பெட்டிகள், கோடுகள், கோடுகள் வந்து கூடும் இடத்தில் ஒரு வட்டம். மேலே கொட்டை எழுத்தில், 'துடைக்காதீர்கள்!' காலையிலிருந்து அதைப் பார்த்துத்தான் கணக்கு.

கிளைக்கோடு ஒன்றைப் பெட்டிக்கு அந்தப்பக்கம் நகர்த்தினாள். புதிதாக ஒரு பெட்டி முளைத்தது. அதைச் சரிக்கட்ட இன்னொரு கோட்டை நகர்த்தினாள். இன்னொன்று முளைத்தது.

"குறைக்கிறேன்னுட்டு குட்டி போட வெச்சிட்டீங்களே!"

"வாய மூடு!"

ஒருவழியாக எல்லாம் அடங்கி ஒரே பெட்டியானது. விடையைப் பார்த்தவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. சூடு ஏற ஏற, கேஸை இன்னும் திறக்கிற உலை! வேறு வழியில் சுருக்கினாள். அதே விடை.

அந்த நேரம் பார்த்து பாக்கியராஜ் உள்ளே வந்தார். பலகையைப் பார்த்தார். விழுந்து விழுந்து சிரித்தார்.

"ஏம்மா, சூடு ஏறினா கேஸைக் குறைன்னு சொல்றதே அந்த மைனஸ் குறிதானே? உன் வட்டத்துக்கிட்ட மைனஸையே காணோம். காலேஜ் பசங்ககூட மறக்க மாட்டாங்க!"

சுகிர்தாவின் காது சிவந்தது. நிஜமாகவே காணோம். ஆனால் வாய் விட்டுக்கொடுக்குமா?

"நான் மறக்கல சார். பேனல்ல பார்த்து, இருக்கிறதை இருக்கிறபடி வரைஞ்சேன். சுகிர்தா கை தப்பாது. மெஷின்லயே மைனஸ் இல்ல!"

"போன வாரம்தாம்மா புது கன்ட்ரோலர் மாட்டினோம்!"

"அதான் சொல்றேன். வாங்க, பாக்கலாம்."

"இல்லன்னா?"

"ஸ்டோர்ஸ் சாவிய நானே வாங்கிக்கிறேன்."

மூவரும் பேனலுக்கு ஓடினார்கள். கேஸைக் கூட்டிக் குறைக்கும் கன்ட்ரோலரின் செட்டிங்கைத் திறந்தால், எல்லாம் தலைகீழ்! சூடு ஏறினால் கேஸைக் கூட்டு என்று வைத்திருந்தது.

"எவன்யா இத செட் பண்ணது?" என்றாள் சுகிர்தா.

லோகு மேனேஜரைப் பார்த்தான். மேனேஜர் கூரையைப் பார்த்தார்.

சுகிர்தா செட்டிங்கை மாற்றி ஆட்டோவில் போட்டாள். சூடு ஏறியது; ஏறவேண்டிய இடத்தில் சமர்த்தாக நின்றது. அலாரம் மூச்சுவிடவில்லை. ஷெட்டே கைதட்டியது.

"ஊரே சிரிச்சாலும் உன் படத்த நம்பினே பாரு, அதாம்மா இன்ஜினியர்!" என்றார் பாக்கியராஜ். "சென்னை ஆள வர வேணாம்னு சொல்லிடறேன். இனிமே இந்த ஃபர்னஸ் உன் பொறுப்பு."

சுகிர்தா தலை நிமிர்ந்து அறைக்குத் திரும்பினாள். ஆபீஸ் கூட்டித் துடைக்கும் விக்டோரியா அக்கா டீயோடு காத்திருந்தாள். பலகையையும் சுகிர்தாவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மெல்லக் கிட்டே வந்தாள்.

"திட்டாத பாப்பா. துடைக்காதேன்னு எழுதினியேன்னு பொட்டி ஒண்ணையும் நான் தொடல. வட்டத்தாண்ட துளியூண்டு கோடு அழுக்காட்டம் ஒட்டிக்கினு இருந்துச்சு, அத்த மட்டுந்தான் காலைல தொடச்சேன்."