நான் நடந்துபோன கதை

கிரிக்கெட் தெரிந்தவனுக்கு மட்டையும் பந்தும் உள்ள எந்த விளையாட்டும் தெரியும் என்பது எங்கள் ஆண்களின் மூடநம்பிக்கைகளில் ஒன்று. அப்போது நான் அதன் தீவிர பக்தன்.

சுகன்யாவை எனக்குக் கலியாணம் பேசியிருந்த நேரம். அவளுடைய அண்ணன் ரமேஷ் ரொறன்ரோவிலிருந்து வந்து, எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலுள்ள செவன் கிங்ஸ் பூங்காவில் உறவினரைத் திரட்டி பேஸ்போல் ஆட்டம் வைத்தார். உண்மையில் அது என்னைப் பார்க்கும் படலம்.

"தம்பி, விளையாட ஏலுமோ?"

"ஓம் அண்ணை, அதுவும் கிரிக்கெட் மாதிரித்தானே!" (வாய் சும்மா இருக்காது.)

கடைசிச் சுற்று. இரு பக்கமும் சமன். ஓடித் தொடவேண்டிய மூன்று பேஸிலும் எங்கள் ஆட்கள். இனி ஒருவர் அவுட்டானால் சுற்று முடிந்துவிடும். மட்டை என் கையில். வந்த பந்தெல்லாம் எட்டாத தூரத்தில் போக, சும்மா நின்றேன். நாலாவது பந்தும் போனதும் நடுவர் கத்தினார்: "வோக்!"

வீசுபவர் நாலு பந்தைத் தப்பாக வீசினால், அடிக்காமலே முதல் பேஸுக்கு நடந்து போகலாம். பேஸ்போலில் 'வோக்', அதாவது 'நட', என்றால் அது. நான் போய்த் தொட்டிருந்தால், மூன்று பேஸ் ஆட்களும் ஒவ்வொரு இடம் முன்னேறி, வெற்றி ஓட்டம் கிடைத்திருக்கும். எனக்குத் தெரிந்த 'வோக்' கிரிக்கெட்டினுடையது: பந்து மட்டையில் பட்டுப் பிடிபட்டது தெரிந்தால், நடுவர் கை தூக்குமுன் கனவான் தானாக வெளியேறுவது. எனக்குத் தெரியாமலே பட்டிருக்கிறது என்று முடிவுசெய்தேன்.

மட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தேன். எங்கள் ஆட்கள் "வோக்! வோக்!" என்று கத்தினார்கள். என் நேர்மையைப் பாராட்டுகிறார்கள் என்று மட்டையை உயர்த்திக் காட்டினேன். கார் பார்க்கில்தான் ரமேஷ் அண்ணை என்னைப் பிடித்தார்.

"எங்கை போறீர்?"

"அவுட் அண்ணை. அதுதான் வோக் பண்ணுறன்."

பேஸைத் தொடாமல் போனதால் உண்மையாகவே அவுட். வெற்றி ஓட்டமும் செல்லாது. சமன் என்பதால் மேலதிகமாக ஆடிய சுற்றில் தோற்றோம். சுகன்யா என்னைத் தெரியாதவள்போல் சாப்பிடக் கொண்டுவந்த ரோல்ஸ் பெட்டியைத் திறந்தாள். சம்பந்தம் முறிந்தது என்றே நினைத்தேன்.

அவளுடைய அப்பா மட்டும், "பெடியன் பொய் சொல்லமாட்டான், அது எனக்குக் காணும்" என்றாராம்.

கலியாணத்தில் ஐயர் அக்கினியை வலம் வரச் சொன்னார். ரமேஷ் அண்ணை மைக்குக்குக் கேட்கும்படி சொன்னார்:

"தங்கச்சி, கையை இறுக்கிப் பிடி. ஆள் கார் பார்க்குக்குப் போயிடும்!"

வீடியோவில் அந்த இடம் வந்தால் இன்றும் எங்கள் வீட்டில் நிறுத்தி, திருப்பிப் போடுகிறார்கள். சுகன்யா உண்மையாகவே கையை இறுக்குவது அதில் தெளிவாகத் தெரிகிறது.