கழற்றாத சட்டை

கோயில் வாசலில் ஆம்பிளைகள் சட்டையைக் கழற்றி உள்ளே போக, கோப்பாய்க் கதிரவேலு மேல் பொத்தானையும் பூட்டிக்கொண்டு வெளியே நின்றார். சில நாளாக அவருடைய மார்புக் காம்பு இரண்டிலும் பால்போல ஏதோ கசிகிறது. ஆம்பிளைக்குப் பாலா! புற்றுநோயோ என்று ஒரு பயம். ஊர் சிரிக்குமே என்று அதைவிடப் பெரிய பயம். மனுசன் பெண்சாதிக்கே சொல்லவில்லை. காலையில் அப்பிய சந்தனம் கரைந்து வடிந்தது. வைத்த பஞ்சு வயிற்றுக்கு இறங்கிவிட்டது.

"என்ன, உள்ளுக்கை வரேல்லையோ? சாமியைத் தோளிலை காவ ஆள் காணாது," என்றார் கோயில் தலைவர்.

"சாவுத் துடக்கு ஐயா."

"ஐயோ! ஆர் செத்தது?"

"கனடாச் சித்தப்பா."

சொன்ன பிறகுதான் உறைத்தது. சித்தப்பா செத்தால் அண்ணன் கனகரத்தினத்துக்கும் துடக்கல்லவா? அவரோ பூக்கடையோரம் சட்டையோடு நின்றார். தலைவர் அவரிடம் ஓடினார்.

"மெய்யே, சித்தப்பா மோசம் போயிட்டாராம்?"

கனகரத்தினம் கொஞ்சம் முழித்தார். பிறகு துவாயால் கண்ணைத் துடைத்தார். "ஓம் ஐயா. தங்கமான மனுசன்."

அண்ணன் என்றால் இப்படியல்லவா இருக்கவேண்டும்! கதிரவேலுவுக்கு நெஞ்சு நிறைந்தது. கூடவே இன்னும் கொஞ்சம் கசிந்தது.

பொழுதுபட வீடு நிறையச் சனம். ஒன்றும் விளங்காமலே பெண்சாதி செல்வநாயகி அழுதாள், தேத்தண்ணி ஊற்றினாள். யாரோ சித்தப்பாவின் படத்தைக் கண்ணீர் அஞ்சலி என்று பேஸ்புக்கில் போட்டுவிட்டார்கள். உடனே கனடாவிலிருந்து போன். எடுத்தவள் செல்வநாயகி.

"பிள்ளை, என்ரை செத்தவீட்டுக்கு எனக்கே சொல்லமாட்டியளே?"

சனம் சிரித்துக் கலைந்ததும் அவள் புருசனின் சட்டையைப் பிடித்தாள். பிடித்த இடம் ஈரம். கதிரவேலு எல்லாவற்றையும் கக்கினார்.

"இதை மறைக்கவோ ஒரு மனுசனைச் சாக்காட்டினனீங்கள்? உங்களுக்கு ஏதுமெண்டால் நான் என்ன செய்வன்!" இந்த முறை அவள் உண்மையாகவே அழுதாள்.

மறுநாள் யாழ்ப்பாணத்தில் டொக்டரம்மா மார்பை அமத்திப் பார்த்தார்.

"கட்டி இல்லை, ரத்தமும் இல்லை. ஒரு பக்கத்திலை மட்டும் தானா வந்தாலோ, ரத்தம் கலந்தாலோ, கட்டி தட்டுப்பட்டாலோ ஒருத்தரும் சுணங்கக்கூடாது. ஆம்பிளையெண்டால் எப்பிடி வந்தாலும் உடனை காட்டவேணும் ஐயா. மருந்துக் குளிசை ஏதும் போடுறீங்களோ?"

"வயித்துப் பொருமலுக்கு அண்ணை தன்ரை குளிசையிலை கொஞ்சம் தந்தவர்."

டொக்டரம்மா குளிசையின் பேரைப் பார்த்தார். "உதுதான் வேலையைக் காட்டியிருக்குது போலை. நிப்பாட்டுங்கோ. ரத்தமும் சோதிச்சுப் பாப்பம்."

உயிர் திரும்பி வந்த மாதிரி கதிரவேலு வெளியே வந்தார். நோயாளிகள் குந்தியிருக்கும் வாங்கிலில் கனகரத்தினம், மேல் பொத்தானையும் பூட்டி, நெஞ்சோடு துவாயை அணைத்தபடி.

"அண்ணை! எனக்காண்டியே வந்தனீங்கள்?"

"உனக்காண்டியோ? நேற்று நீ சித்தப்பாவைச் சாக்காட்டியிராட்டில், நான் பெரியப்பாவைச் சாக்காட்டியிருப்பனடா!"