டில்லியிலிருந்து இனி ஒரு காகிதமும் வேண்டாம்

கரமனை,
19-6-2002

ஆண்டவருக்குள் பிரியமான மைத்துனர் சத்தியதாஸ் அவர்களுக்கு, அத்தான் ஞானசிகாமணி எழுதுவது. நானும் உங்கள் அக்காள் செல்லபாயும் மூட்டுவலி தவிர மற்றபடி சுகம். டில்லி வெயிலில் நீங்களும் பிள்ளைகளும் வாடாமல் இருக்க தினமும் ஜெபிக்கிறோம். இனி விஷயத்துக்கு வருகிறேன். கோபப்படாமல் வாசிக்கவும்.

சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் உள்ள ஆரம்பப் பள்ளியில் தமிழ் டிவிஷன் என்று ஒன்று உண்டு, பகலில் சும்மா இருக்கிற ஒரே ஆள் என்பதால் என்னை அங்கே பெற்றோர் சங்கத் தலைவராக்கி வைத்திருக்கிறார்கள். மார்ச்சில் பாகீரதி டீச்சர் ரிட்டயர் ஆனார். பள்ளி திறந்த ஆறாம் நாள் தலை எண்ணுவார்கள். தமிழ்ப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் புது டீச்சர் வருவார், ஒன்று குறைந்தாலும் டிவிஷனே போய்விடும் என்று எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். நம் ஜினுவின் மகள், என் பேத்தி ஆர்ஷாவையும் சேர்த்துச் சரியாகப் பத்து. மற்ற ஒன்பதும் கடையிலும் ஓட்டலிலும் வேலை செய்கிற தென்காசிப் பக்கத்து ஆட்களின் பிள்ளைகள். நான் பேசாமல் இருந்திருக்கலாம். என் கெட்ட நேரம், கல்வி இலாகாவில் மைத்துனர் இருக்கிறாரே, ஒரு வார்த்தை சொல்லி வைப்போம் என்று உங்களுக்கு எழுதிவிட்டேன்.

நீங்களும் வார்த்தையோடு நிறுத்தாமல், சிங்க முத்திரை போட்ட காகிதத்தில், அரசியல் சட்டம் 350-ஏ பிரிவுப்படி தாய்மொழியில் ஆரம்பக் கல்வி கொடுக்க மாநிலம் முயற்சி செய்ய வேண்டும் என்று எழுதி, நேராகப் பள்ளிக்கூட விலாசத்துக்கே அனுப்பிவிட்டீர்கள். ஹெட்மிஸ்ட்ரஸ் ராஜமணி டீச்சர் அதைப் பிரித்துப் பார்த்துவிட்டு இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தாராம். பயந்துபோய் அதை உதவிக் கல்வி அதிகாரியான ஏ.இ.ஓ. ஆபீசுக்கு அனுப்ப, அந்த அதிகாரி, "கேந்த்ரத்தினு இதில் எந்தா காரியம்?" என்று கேட்டிருக்கிறார். டில்லியில் இருந்து மலையாளம் மறந்திருந்தால் சொல்கிறேன், உங்களுக்கு இதில் என்ன வேலை என்று அர்த்தம். டில்லி பேசுவதானால் செக்ரட்டேரியட்டோடு பேச வேண்டும், அது டைரக்டரேட்டோடு பேசும், அப்படியே படிப்படியாக இறங்கி வரவேண்டுமாம். சட்டத்தில் முயற்சி செய்ய வேண்டும் என்றுதான் இருக்கிறது, நாங்கள் முயற்சி செய்துகொண்டுதான் இருக்கிறோம் என்றார். மாநிலத்துக்கு உத்தரவு போடுகிற அதிகாரம் ஜனாதிபதிக்கு உண்டு, செக்‌ஷன் ஆபீசரான உங்களுக்கு எங்கே எழுதியிருக்கிறது என்றும் கேட்டார். டீச்சருக்கு மெமோ வந்தது. அவர் என்னைக் கூப்பிட்டு, "சாரே, முப்பது கொல்லம் போஸ்ட்மாஸ்டராயிருந்நு, ஒரு கத்து எந்த வழி வரணும்னு அறியில்லே?" என்றார். முப்பது வருஷம் போஸ்ட்மாஸ்டராக இருந்தவனுக்கு ஒரு கடிதம் எந்த வழியாக வரவேண்டும் என்று தெரியவில்லையாம். வார்டு கவுன்சிலரிடம் போனேன். சுவரும் ஓடும் கிணறும் கார்ப்பரேஷனுடையது, டீச்சர் ஸ்டேட்டுடையது, சட்டம் டில்லியுடையது என்று பங்கு பிரித்துக் காட்டினார். ஓடு ஒழுகுகிறதே என்றேன். அதற்கு முயற்சி நடக்கிறதாம்.

வழக்கமாக ஆறாம் நாள் ஒரு கிளார்க் வந்து, டீ குடித்துவிட்டு, ரிஜிஸ்டரைப் பார்த்து எழுதிக்கொண்டு போவார். இந்த வருஷம் டில்லி கவனிக்கிறது என்று மூன்று ஜீப் வந்தது. எதிரே ஓட்டலில் பரோட்டா மாஸ்டராக இருக்கிற பால்பாண்டி அதைப் பார்த்திருக்கிறார். போன மாதம்தான் வேலைக்கு வைத்த சின்னப் பிள்ளைகளைப் பிடிக்க அந்த ஓட்டலுக்கு ஒரு ஜீப் வந்திருந்தது. மாவுக் கையோடு பின்வாசல் வழியாக வந்து, தன் மகள் கலைச்செல்வியையும் இன்னும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போய் வெங்காய மண்டியில் ஒளித்து வைத்துவிட்டார். அதிகாரிகள் மூன்று தடவை எண்ணினார்கள், மூன்று தடவையும் ஏழுதான். "ஏன் பால்பாண்டி இப்படிச் செய்தீர்?" என்றால், "ஐயா, ஒரு ஜீப்பு வந்தாலே பிள்ளையளப் பிடிச்சிட்டுப் போவாவ. மூணு ஜீப்பு வந்தா பெத்தவன் நின்னு வேடிக்கையா பாப்பான்?" என்கிறார். அவரை என்ன சொல்ல?

இப்போது பத்துப் பிள்ளைகளும் மலையாள வகுப்பில் கடைசி பெஞ்சில் இருக்கிறார்கள். கலைச்செல்வியிடம் எப்படிப் படிக்கிறாய் என்று கேட்டேன். "ஒண்ணும் விளங்கல தாத்தா. ஆனா சத்தம் போடாம இருக்கேன்னு டீச்சர் நல்ல பிள்ளைன்னு சொன்னாவ" என்றது.

நல்லவேளையாக ஏ.இ.ஓ. மோசமான மனிதர் இல்லை. பெற்றோர் சங்கம் மனு கொடுத்தால் 28-ஆம் தேதி வெள்ளிக்கிழமை மறுபடி எண்ணலாம் என்கிறார். கொடுத்துவிட்டேன். வீடு வீடாகப் போய், ஜீப் வராது, கிளார்க் நடந்துதான் வருவார் என்று சத்தியம் செய்திருக்கிறேன். கால் வீங்கிவிட்டது. ஆகையால் மைத்துனரே, உங்களுக்குப் புண்ணியமாகப் போகட்டும், இனி டில்லியிலிருந்து ஒரு துண்டுக் காகிதமும் வேண்டாம். விசாரித்துக்கூட எழுத வேண்டாம்.

கர்த்தர் உங்களையும் குடும்பத்தையும் உங்கள் பிரமோஷனையும் காத்து, அந்தப் பேனாவைக் கொஞ்ச நாள் மூடி வைக்கிற கிருபையையும் தருவாராக.

இப்படிக்கு,
களைத்துப்போன அத்தான்,
ஞானசிகாமணி

பி.கு. (20-6-2002): நேற்று இதைத் தபாலில் போடுவதற்குள் ஜினு வந்தான். அக்காள் எனக்குத் தெரியாமல் உங்களுக்கு போன் செய்ததும், நீங்கள் ஒரு வார்த்தை சொல்லி ஆர்ஷாவுக்கு இங்குள்ள மத்திய சர்க்கார் பள்ளிக்கூடத்தில் இடம் வாங்கிக் கொடுத்ததும் அப்போதுதான் தெரியும். மூன்றே நாளில் முடிந்திருக்கிறது. அது டில்லியின் சொந்தப் பள்ளிக்கூடம், ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. அங்கே தமிழ் கிடையாது. திங்கட்கிழமைக்குள் சேர வேண்டுமாம். கூடாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "பிள்ளையின் எதிர்காலம் அப்பா" என்றான். திறந்த வாயால் சரி என்றுவிட்டேன். வெட்கமாக இருக்கிறது, உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது. இன்று காலை டி.சி. கேட்கப் போனேன். ராஜமணி டீச்சர் என் முகத்தைப் பார்க்காமல், "எண்ணுன்னதினு முன்போ சாரே, பின்போ?" என்று மட்டும் கேட்டார், எண்ணுவதற்கு முன்னா பின்னா என்று. எனவே தயவுசெய்து இன்னும் ஒரே ஒரு கடிதம், அந்தச் சிங்க முத்திரைக் காகிதத்திலேயே எழுதி, ஆர்ஷாவின் இடத்தை ஜூலை ஒன்றாம் தேதி வரை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருக்கச் சொல்லவும். வெள்ளிக்கிழமை கிளார்க் எண்ணி முடிக்கும் வரை அவள் எங்களுக்கு வேண்டும்.