கைப்பிடி கேட்டால் கேடயம்

உலகத்தில் பாராட்டு வாங்கப் பிறந்தவர்கள் உண்டு. பாராட்டு கொடுக்கப் பிறந்தவர்களும் உண்டு. முதல் வகை ஆபத்தில்லாதது, கொஞ்சம் கைதட்டினால் திருப்தியாக வீட்டுக்குப் போய்விடும். இரண்டாவது வகைதான் லேசில் விடாது. அதிலும், பள்ளிக்கூட ஆசிரியர்களைப் பாராட்டாமல் ஓயமாட்டேன் என்று கங்கணம் கட்டிக்கொண்டு அலைகிற ஓர் இனம் இருக்கிறதே, அதை நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். மடிப்புக் கலையாத கோட்டு, கக்கத்தில் ஒரு கேடயம், பின்னால் ஒரு போட்டோக்காரர். எதிரே ஒரு டீச்சர் காய்கறிப் பையோடு வந்தால் போதும், பையைக் கீழே வைக்கச் சொல்லிவிட்டு, "தாயே, நீங்க மட்டும் இல்லேன்னா நாங்கல்லாம்..." என்று ஆரம்பித்துக் கண்ணைத் துடைத்துக்கொள்வார். பை சாய்ந்து தக்காளி உருண்டு சாக்கடைக்குப் போகும். அது அவருக்கு எப்படித் தெரியும்? அவர் கண்ணில்தான் நீர் முட்டிக்கொண்டு நிற்கிறதே!

நாம் பார்க்கப்போகிறவருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் கேடயக்காரர். பெற்றோர் சங்கத் தலைவர். பள்ளிக்கு வருகிற நன்கொடை எல்லாம் அவர் கைவழியாகத்தான் போகும். மேடைக்குப் போகும், பூச்செண்டுக்குப் போகும், மைக் செட்டுக்குப் போகும். பள்ளிக்கு மட்டும் வழி தெரியாது.

அந்தப் பள்ளியில் ஒரு கணக்கு டீச்சர். அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. மாடிப்படி திரும்புகிற இடத்தில் கைப்பிடிக் கம்பி ஆடுகிறது. திருகாணி இருந்த இடத்தில் ஓட்டை மட்டும்தான் மிச்சம். ஒரு பிள்ளை ஓடிவந்து சாய்ந்தால் தீர்ந்தது கதை. அதனால் இடைவேளை மணி அடித்ததும் மற்றவர்கள் டீ குடிக்கப் போக, இவர் மட்டும் அந்தத் திருப்பத்தில் போய்க் கம்பிக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நிற்பார். "சுவர் ஓரமா வா! ஏய், தள்ளாத! உன்னத்தான் சொல்றேன், ரெட்டைப் பின்னல்!" கடைசிப் பிள்ளை இறங்கி முடிப்பதற்குள் அடுத்த மணி அடித்துவிடும். அவருடைய டீ ஆசிரியர் அறையில் ஆடை கட்டிக் கிடக்கும்.

கேடயக்காரரிடம் கேட்காமல் இருந்தாரா? கேட்டார்.

"சார், அந்தக் கம்பியை மட்டும் கொஞ்சம்..."

"டீச்சர்! உங்களுக்குப் போய் நான் இல்லைன்னு சொல்வேனா? அடுத்த மாசம் விழா வெச்சிருக்கோம். உங்களைத்தான் கௌரவிக்கப் போறோம்."

"கௌரவம் வேண்டாம் சார். கம்பி போதும்."

"பாத்தீங்களா, என்ன ஒரு தன்னடக்கம்! இதையும் பேச்சுல சேத்துடறேன்."

முதல் தடவை கேட்டதற்கு ஒரு கேடயம் வந்தது. மறுபடி கேட்டதற்கு அதைவிடப் பெரிய கேடயம். மூன்றாவது கேடயத்துக்குள் விளக்கு எரிந்தது. டீச்சரின் கணவர் கையெடுத்துக் கும்பிட்டார். "இத பாரும்மா, பள்ளிக்கூடத்துல கம்பி ஆடுது, சரி. இங்க அலமாரியே ஆடுது. இனிமே அந்த மனுஷன்கிட்ட எதையும் கேட்டுத் தொலைக்காத."

இந்த வருஷ விழாவும் வந்தது. கீழ்த்தளத்து அரங்கில் பெற்றோர்கள். மாடியில் பிள்ளைகளுக்கு வழக்கம்போல வகுப்பு. கேடயக்காரர் சட்டைக் காலரில் மைக்கைச் செருகிக்கொண்டு பேசினார். "இடைவேளைல ஒரு வாய் டீகூடக் குடிக்காம, மாடிப்படியில நின்னு, பிள்ளைகளைக் கை விரிச்சு வரவேற்கிறாங்களே இந்தத் தாய்! இந்தப் பாசத்துக்கு ஈடு உண்டா?" அரங்கமே கைதட்டியது. மேடையில் உட்கார்ந்திருந்த டீச்சருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாசமாவது மண்ணாங்கட்டியாவது! திருகாணி அய்யா, திருகாணி!

அப்போது இடைவேளை மணி அடித்தது.

டீச்சர் விருட்டென்று எழுந்தார். திருப்பத்தில் இப்போது யார் நிற்கிறார்கள்? அவர்தான் இங்கே கௌரவிக்கப்பட்டுக்கொண்டிருக்கிறாரே! புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மேடையிலிருந்து குதித்தார். ஓடினார். "டீச்சர்! போட்டோ எடுக்கலையே!" என்று கேடயத்தைத் தூக்கிக்கொண்டு கேடயக்காரர் ஓட, அவர் பின்னால் போட்டோக்காரர் ஓட, அவர் பின்னால் பூச்செண்டோடு சங்கப் பொருளாளர் ஓட, பந்தயமா விழாவா என்று புரியாமல் கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது.

நல்லவேளை, பிள்ளைகள் இறங்குவதற்குள் டீச்சர் திருப்பத்தைப் பிடித்துவிட்டார். மூச்சு வாங்கக் கையை விரித்து நின்றார். மேலே வந்து சேர்ந்த கேடயக்காரருக்கு மெய்சிலிர்த்தது. இதைவிட ஒரு படம் அமையுமா? டீச்சர் பக்கத்தில் போய் நின்று கேடயத்தை நீட்டினார்.

"இன்னும் கொஞ்சம் பின்னால சார்," என்றார் போட்டோக்காரர். "இன்னும் கொஞ்சம்..."

"அப்பா, சாயாதப்பா! அது ஆடும்!" படியில் நின்ற அவர் மகளே கத்தினாள்.

"அப்பாவுக்கு எல்லாம் தெரியும்மா," என்று சொல்லிக்கொண்டே சாய்ந்தார்.

ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். இங்கே ஆனைக்கு முதுகு சறுக்கியது. கம்பி கிரீச்சென்று வெளியே சாய, கேடயம் பறந்து கீழே பூந்தொட்டியில் விழ, கேடயக்காரர் பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாக மல்லாந்தார். டீச்சர் ஒரு கையால் டையைப் பிடித்தார், மறு கையால் பெல்ட்டைப் பிடித்தார். பிள்ளைகளைப் பார்த்து, "யாரும் கிட்ட வராதீங்க! சுவர் ஓரம்!" என்றார்.

"டீச்சர், விட்டுடாதீங்க!"

"விட மாட்டேன் சார். கம்பி என்னாச்சு?"

"அடுத்த கூட்டத்துல பேசி, ஒரு முடிவு..."

டீச்சர் கை கொஞ்சம் வழுக்கியது. வழுக்கியதா, வழுக்க விட்டாரா என்று நாம் விசாரிக்க வேண்டாம்.

"இன்னைக்கே! இன்னைக்கே! விழாக் காசுல இருந்தே போட்டுடலாம்! எனக்கு மேடை வேண்டாம், பூ வேண்டாம்! யாராவது வெல்டிங்காரரைக் கூப்பிடுங்களேன்!"

டீச்சர் அவரை உள்ளே இழுத்துப் போட்டார். காலர் மைக் நல்ல மைக். அத்தனையும் அரங்கில் கணீரென்று கேட்டது. அவருடைய வாழ்நாளிலேயே அதுதான் சிறந்த பேச்சு என்று இன்றைக்கும் சொல்கிறார்கள்.

வெல்டிங்காரர் அன்றைக்கே வந்தார். வருஷக்கணக்காகக் கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்த வேலை, ஒரு டீ ஆறுவதற்குள் முடிந்தது. கம்பியை உலுக்கிப் பார்த்த டீச்சருக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இதற்கா இத்தனை பாடு!

மறுநாள் வந்து பார்த்தால் கம்பி முழுக்க ரிப்பன். நடுவில் ஓர் அட்டை: 'திறப்பு விழா வரை யாரும் தொடக் கூடாது. இப்படிக்கு, தலைவர்.'

மணி அடித்தது. டீச்சர் வகுப்புக் கத்தரிக்கோலை எடுத்துவந்தார். ஒரே வெட்டு. ரிப்பனைச் சுருட்டி ரெட்டைப் பின்னல்காரி கையில் கொடுத்துவிட்டு, நேரே போய் டீயைக் கையில் எடுத்தார். ஆவி பறந்தது.

கேடயக்காரர் அலறியடித்துக்கொண்டு வந்தார். "என்ன காரியம் பண்ணிட்டீங்க டீச்சர்! போட்டோகூட எடுக்கலையே!"

"டீ சூடா இருக்கு சார். குடிச்சிட்டு வந்து பேசறேன்," என்றார் டீச்சர்.

சிரித்தீர்களா? சிரியுங்கள், நல்லதுதான். கேடயம் தூக்கி அலைய உங்களுக்கு ஏது நேரம்? ஆசிரியர் தினத்தன்று உங்கள் பிள்ளையின் டீச்சருக்கு ரோஜாப் படம் போட்டு, 'நீங்கள் மனிதரல்ல, தெய்வம்' என்று போனில் வாழ்த்து அனுப்பியதோடு சரி. அதற்குப் பதிலாக அவர், 'நன்றி. பிள்ளைகள் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை, சங்கத்தில் சொல்ல முடியுமா?' என்று கேட்டிருந்தாரே, ஞாபகம் இருக்கிறதா? அதற்கு நீங்கள் என்ன அனுப்பினீர்கள்? கும்பிடு போடுகிற இரண்டு கைதானே?