முழு மரியாதையுடன் ஒரு கைது

கடல் என்று ஒன்று உண்டான நாளிலிருந்து அதன்மேல் மனிதன் செய்த சாதனைகள் பல. மரத்தைக் குடைந்து மிதந்தான், பாய் கட்டினான், திசை கண்டுபிடித்தான். ஆனால் பீரங்கி வைத்த ஒரு போர்க்கப்பலையும், ‘கைது செய்கிறேன்’ என்று சொல்லும் அதிகாரம் பெற்ற ஒரே ஒரு மனிதரையும் சேர்த்துவைத்த சாதனைக்கு முன்னால் அவையெல்லாம் வெறும் பிள்ளை விளையாட்டு.

விஷயம் இதுதான். போதைப்பொருள் கடத்தும் படகைத் துரத்தக் கடற்படையிடம் கப்பல் உண்டு, கைது செய்ய அதிகாரம் இல்லை. கடல்சார் சட்ட அமலாக்கத் துறையிடம் அதிகாரம் உண்டு, கப்பல் இல்லை. இருந்த ஒரு கப்பலும் பழுது பார்க்கப் போன இடத்திலேயே குடியேறிவிட்டது. ஆகவே அரசு ஆழ்ந்து சிந்தித்து, துறையின் அதிகாரி ஒருவரைக் கடற்படைக் கப்பலில் ஏற்றிவிட்டது. கப்பலில் அவருக்குக் கிடைத்த பெயர் ‘கைது சார்’.

கைது சார் லேசுப்பட்ட ஆள் இல்லை. இரு துறைகளின் ‘உயர்மட்ட ஒருங்கிணைப்புக் கூட்டத்தில்’ மேசையைத் தட்டிப் பேசியவரே அவர்தான்.

“கைது பண்றது எங்க துறை. அப்போ அந்த நேரத்துல கப்பல்ல எங்க கொடிதான் பறக்கணும். கொடி ஏறாம பண்ற கைது செல்லாது!”

“தாராளமா ஏத்துங்க,” என்றார் கடற்படைக் கப்பலின் கேப்டன். “ஆனா எங்க கொடி இறங்கணும்னா முழு மரியாதையோடதான் இறங்கும்.”

இரு தரப்பும் கைகுலுக்கின. தேநீர் வந்தது. போதைப்பொருளைப் பற்றிப் பேசத்தான் நேரம் இல்லாமல் போயிற்று.

கிளம்பும் அன்று துறைமுக வாசலுக்குக் கைது சாரின் தங்கை வந்திருந்தாள். அவளுடைய ஒரே மகன் போதை மறுவாழ்வு வார்டில் படுத்திருந்தான். அவர் தோளில் தூக்கி வளர்த்த பிள்ளை. அவன் கை நடுங்குவதைப் பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து மனுஷருக்குச் சோறு இறங்கவில்லை.

“அண்ணா, அடுத்த வாரம் அவனை வீட்டுக்கு அனுப்பிடுவாங்களாம். வெளிய வந்தா அந்தச் சனியன் அவன் கண்ணுல படக் கூடாது. ஒரு படகையாவது பிடிச்சுட்டு வா.”

“நான் எதுக்கு இருக்கேன்? நீ கண்ணைத் தொடைச்சுக்கோ,” என்றார். மனசாரத்தான் சொன்னார்.

கப்பலில் முதல் சில நாட்கள் அவர் வாந்தி எடுத்தார். அந்த நாட்களில் சட்டமும் வாளியின் பக்கத்திலேயே படுத்துக் கிடந்தது. ஒரு காலையில் மாலுமி ஒருவர் கதவைத் தட்டினார்.

“கைது சார், எழுந்திருங்க. படகு மாட்டிக்கிச்சு!”

மேல்தளத்துக்கு ஓடினார். உண்மைதான். கூப்பிடு தூரத்தில் ஒரு படகு, பீரங்கியைப் பார்த்து இன்ஜினை அணைத்துவிட்டு நின்றது. அதில் நாலைந்து பேர், நடுவில் மலைபோல மூட்டைகள். அவருக்குத் தங்கை முகம்தான் கண்முன் வந்தது.

“சீக்கிரம்! என்னை அந்தப் படகுல இறக்குங்க!”

“இருங்க சார்,” என்றார் கேப்டன் சாந்தமாக. “கொடி மாறாம நீங்க வெறும் விருந்தாளி. பசங்க உடுப்பு மாத்தப் போயிருக்காங்க.”

“உடுப்பா?”

“வெள்ளை உடுப்பு. முழு மரியாதைன்னா சும்மாவா?”

கப்பல் முழுக்கச் சலவை வெள்ளையில் வரிசை கட்டியது. ஒருவருக்குக் கையுறை கிடைக்கவில்லை, தேடினார்கள். மரியாதை ஊதுகுழலான பிகிள் முழங்கியது. கடற்படைக் கொடி அங்குலம் அங்குலமாக இறங்கத் தொடங்கியது. கடத்தல்காரர்கள் பண்பானவர்கள், பிகிள் முடியும்வரை எழுந்து நின்றார்கள். பிறகு மூட்டைகளைக் கடலில் தள்ள ஆரம்பித்தார்கள்.

“ஐயோ, தள்றாங்க சார்!”

“கவலைப்படாதீங்க. உங்க கொடி ஏறற வரைக்கும் நாம எதையும் பார்த்ததா ஆகாது.”

“மூட்டையெல்லாம் மிதக்குது! அதையாவது எடுக்கச் சொல்லுங்க!”

“மிதக்கற பொருள் சுங்கத் துறைக்குச் சேரும். அவங்க ஆள் ஒருத்தரையும் கப்பல்ல போடச் சொல்லியிருக்கோம்.”

கைது சார் கப்பலின் விளிம்புவரை ஓடினார். கொடியை விட்டுத் தொலைத்துவிட்டுக் குதித்துவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தார். ஆனால் கொடி ஏறாமல் செய்யும் கைது செல்லாது என்று சொன்ன வாய் எது? அந்த நேரம் பார்த்துத் துறையின் கொடி ஏறத் தொடங்கியது. அவர் கையும் தானாக எழுந்து சல்யூட் அடித்தது.

கொடி உச்சிக்குப் போனதும் கப்பலே அவருடைய ஆளுகைக்குள் வந்தது. கம்பீரமாகப் படகில் இறங்கினார். படகு துடைத்துவிட்டதுபோல் சுத்தமாக இருந்தது.

“மீன் பிடிக்க வந்தோம் சார்,” என்றார் படகுக்காரர்.

“வலை எங்கடா?”

“மறந்துட்டு வந்துட்டோம் சார். உங்க கொடியேத்தம் ரொம்ப நல்லா இருந்துச்சு.”

மூட்டைகள் அலையில் ஆடியபடி கரைப் பக்கம் போய்க்கொண்டிருந்தன.

அரசு நன்றி மறக்கவில்லை. விழா எடுத்தது. கொடி தளத்தைத் தொடாமல் இறங்கியதற்காகக் கேப்டனுக்கு ஒரு பதக்கம். ‘சோதனையில் போதைப்பொருள் ஏதும் சிக்கவில்லை, எனவே நம் கடல் தூய்மையாக உள்ளது’ என்று உலகுக்கு நிரூபித்ததற்காகக் கைது சாருக்கு ஒரு பதக்கம். கைதட்டல் அடங்குவதற்குள் தங்கையிடமிருந்து போன் வந்தது. சட்டையில் குத்திய பதக்கத்தோடு நேரே மறுவாழ்வு வார்டுக்கு ஓடினார்.

கட்டில்கள் நிறைந்து, வராந்தாவிலும் பாய் போட்டுப் பிள்ளைகளைப் படுக்க வைத்திருந்தார்கள். அதில் ஒரு பாயில் அவர் மருமகன். தலைமாட்டில் தங்கை.

“வீட்டுக்கு அனுப்பிடுவாங்கன்னு சொன்னியே?”

“அனுப்பினாங்க. கரையெல்லாம் மூட்டை மூட்டையா ஒதுங்கிச்சாம். பசங்க அள்ளிட்டு வந்து தெருவுல எல்லாருக்கும் குடுத்திருக்காங்க. இவனுக்கும்.”

“அது... கொடி விஷயத்துல ரெண்டு துறைக்கும் ஒரு ஏற்பாடு உண்டும்மா. நீரோட்டம்னு வேற ஒண்ணு இருக்கு...”

அவள் பதக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அந்தக் கடத்தல்காரன்கூட காசு வாங்கிட்டுத்தான் குடுத்தான் அண்ணா. நீங்கதான் கொடியேத்திச் சும்மா குடுத்திருக்கீங்க.”